சொல்தா வேலை

என் மாமனாருக்குத் தெய்வம் இரண்டு. ஒன்று திரௌபதியம்மன், இன்னொன்று பென்ஷன். அம்மனை வருஷத்துக்கு ஒரு தடவை தீமிதி சமயத்தில் கும்பிடுவார். பென்ஷனைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. இத்தனைக்கும் அவருக்குச் சல்லிக்காசு பென்ஷன் வரவில்லை. ஆயுசு முழுக்க சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவருக்கு எந்த சர்க்கார் பென்ஷன் கொடுக்கும்?

கலியமூர்த்தி என்றால் ரெட்டியார்பாளையத்தில் எல்லா சொல்தா வீட்டுக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ரிட்டயராகி வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். பென்ஷன் நாள் வந்தால் அவர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் இருக்கிற கொன்சுலாவுக்கு, அதுதான் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு, போவார். அவர்கள் வெளியே வரும்வரை மர நிழலில் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருப்பார். வரும் வழியில் கறிக்கடை, ரொட்டிக்கடை, ஒயின் ஷாப் என்று நிறுத்தி நிறுத்திக் கூட்டி வருவார். திடீரென்று ஒரு சொல்தா செத்துப்போவார். கொஞ்ச நாள் கழித்து அவர் சம்சாரம் வெள்ளைப் புடவையோடு அதே சீட்டில் ஏறி உட்காரும். புருஷனுக்கு வந்ததில் பாதி அந்த அம்மாவுக்கு, உயிர் இருக்கிறவரைக்கும். இதையெல்லாம் பெடல் மேல் நின்றபடியே பார்த்த மனுஷன் என் மாமனார். பட்டாளம் என்றால் அவருக்கு யுத்தம் ஞாபகம் வராது, இதுதான் ஞாபகம் வரும்.

என் வீட்டுக்காரர் ராஜவேல் அவருக்கு ஒரே பிள்ளை. அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. கல்யாணமான புதிதில் எனக்கு அது பெருமையாக இருந்தது, அப்புறம் எரிச்சலாக இருந்தது. இப்போது எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவர் சேதராப்பட்டில் துணிக்குச் சாயம் போட்டுச் சலவை செய்கிற கம்பெனியில் இருந்தார். அதை இழுத்து மூடினார்கள். நானும் சேதராப்பட்டில்தான், மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங். ஒருத்தர் சம்பளத்தில் சாரம் ஏரியாவில் வீட்டு வாடகை கொடுத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ஏஜெண்டு தேவதாஸ் வந்து சேர்ந்தான். குவைத்தில் பெரிய ஓட்டல், சலவைப் பிரிவில் ஆள் வேண்டும் என்றான். என் கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போனது. அந்தக் கணக்கை விடுங்கள், போனது போனதுதான்.

குவைத்தில் இறங்கினதும் விசா அடிக்க வேண்டும் என்று எல்லோர் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்களாம். மறுநாள் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். ஓட்டலுக்குப் போகிறோம் என்று என் வீட்டுக்காரர் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் மணலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. முன்னாலும் பின்னாலும் துப்பாக்கி வைத்த ஜீப்பு. இறங்கின இடம் ஈராக், அமெரிக்கப் பட்டாளத்து முகாம். சண்டை நடந்துகொண்டிருக்கிற ஊர்.

முதல் போனில்தான் இதையெல்லாம் அவர் சொன்னார். என் மாமனார் என்ன சொன்னார் தெரியுமா? பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றார். ஓட்டலில் வேலை செய்தால் சம்பளத்தோடு சரி, பட்டாளத்தில் என்றால் காலத்துக்கும் கவலை இல்லை என்றார். இவர் பட்டாளத்தில் சேரவில்லை, பட்டாளத்துக்காரன் துணியைத் துவைக்கிறார், அதுவும் ஏதோ ஒரு கம்பெனிக்காக என்று தலைகீழாக நின்று சொன்னேன். அவர் சிரித்தார். அல்ஜீரியாவில் பட்டாளத்துக்குச் சோறு வடித்த சமையல்காரன் கடைசிவரை பென்ஷன் வாங்கினான், நானே கொன்சுலாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன், பட்டாளத்தில் எல்லா வேலையும் சொல்தா வேலைதான் என்றார். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவரிடம் என்னத்தைப் பேசுவது?

மறுநாளே தெருவெல்லாம் என் பிள்ளை மிலிட்டரியில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் என் வீட்டுக்காரர் போன் செய்வார். செகண்ட் ஹாண்டில் வாங்கின செல்போன் ஒன்று இருந்தது. என் கம்பெனி கேட்டிலேயே போனைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் மற்ற நாளெல்லாம் அது மாமனார் சட்டைப்பையில் இருக்கும். அங்கேயிருந்து இங்கே பேசலாம், இங்கேயிருந்து அங்கே பேச முடியாது. வருகிற நம்பரைத் திருப்பி அடித்தால் ஒரு பொம்பளை இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

அங்கே அவர் வாழ்கிற வாழ்க்கையை ஞாயிறு ஞாயிறாகத்தான் நான் தெரிந்துகொண்டேன். விடிவதற்கு முன்னால் சலவைக் கூடாரத்துக்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவது. சிப்பாய்கள் அழுக்குத் துணியைப் பையில் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பைக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு சீட்டு. துணியை மெஷினில் போடுவதற்கு முன்னால் பாக்கெட்டைத் துழாவிப் பார்க்க வேண்டும். சூயிங்கம் இருக்கும், குழந்தை போட்டோ இருக்கும், சில சமயம் துப்பாக்கிக் குண்டு இருக்கும். குண்டுக்கு என்று தனியாக ஒரு பால் டின். வெளியே அனல், உள்ளே மெஷின் சூடு, தண்ணீர் குடித்தால் அதிலும் டீசல் வாடை. சிப்பாய்களுக்கு ஏ.சி. கூடாரத்தில் ஐஸ்கிரீம் வரைக்கும் சாப்பாடு. இவர்களுக்குப் பின்பக்கம் தட்டில் சோறும் தண்ணீர்ப் பருப்பும். அந்தக் கூடாரத்துக்குள் இவர்கள் கால் வைக்கக் கூடாது.

குண்டு வருகிறது என்று சங்கு ஊதினால் சிமெண்டுப் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். சிப்பாய்களுக்கு இரும்புத் தொப்பி, மாரில் கட்டுகிற கவசம் எல்லாம் உண்டு. நீங்க இன்னா போட்டுக்குவீங்க என்று கேட்டேன். துண்டைத் தலையில் போட்டுக்கொள்வேன் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிறு இன்னொன்று சொன்னார். சில பைகளை வாங்க ஆளே வராதாம். ஒரு வாரம் பார்த்துவிட்டு அந்தத் துணியை இன்னொரு தடவை துவைக்கச் சொல்வார்களாம். கறை ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாதாம். அதை மடித்து, பெட்டியில் வைத்து, அமெரிக்காவில் அவன் வீட்டுக்கு அனுப்புவார்களாம். அந்தத் துணியை மட்டும் மெஷினில் போடாமல் நான் கையாலேயே துவைக்கிறேன் சரிதா என்றார்.

அதற்கு அப்புறம் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. என் மாமனாருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒருநாள் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுக்கும்மா இப்டி உருகற? நல்லபடியா வந்துடுவான். அப்டியே ஒண்ணு ஆயிட்டாலும் உனக்குப் பாதி பென்ஷன் உண்டு. உசிரு இருக்கிற வரைக்கும் வரும்."

குடத்தை டமாலென்று கீழே வைத்தேன். ரெண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே என் கோபம் தெருவுக்குக் கேட்டிருக்கும். பாவம், தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்றே அவருக்குப் புரியவில்லை. அவருக்குத் தெரிந்த பெரிய ஆறுதலைத்தான் அவர் எனக்குச் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை கம்பெனி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிறேன், வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. பையன் மத்தியானம் போன் பண்ணினான் என்றார். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் போனா, என்ன ஆச்சு என்றேன்.

என் வீட்டுக்காரர் சொன்னது இது. முந்தாநாள் முகாமுக்குள் குண்டு விழுந்துவிட்டது. இவர் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்காரர், கொல்லத்துக்காரர், சோற்றுத் தட்டோடு நின்றவர் அப்படியே போய்விட்டார். சாயங்காலமே அந்தக் கட்டிலில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிட்டார்கள். பையன்களெல்லாம் வேலைக்குப் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி வரிசையில் நிறுத்திச் சொன்னானாம், ஊருக்குப் போகிறவன் இப்போதே பெயர் கொடு, நாளைக் காலையில் குவைத்துக்கு லாரி போகிறது, அங்கே பாஸ்போர்ட் கொடுத்து அனுப்பிவிடுவோம், இந்த லாரியை விட்டால் ஒப்பந்தம் முடிகிறவரை வேறு லாரி கிடையாது. என்ன செய்யட்டும், சரிதாவைக் கேட்க வேண்டும் என்றுதான் போன் செய்திருக்கிறார். நான் அந்த நேரத்தில் பாட்டில் மூடியை எண்ணி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க இன்னா சொன்னீங்க மாமா?"

"அவளக் கேக்கிறதுக்கு இன்னா இருக்குதுன்னேன். பட்டாளத்துல பாதியில ஓடி வந்தா தெசர்த்தேர்னு எழுதிடுவாங்க. புடிச்சு ஜெயில்ல போடுவாங்க, பென்ஷனும் போயிடும். எங்கண்ணால பாத்திருக்கிறேன்டா, எல்லாரும் ஓடுனாலும் நீ நில்லுன்னு சொல்லிட்டேன்."

தெசர்த்தேர் என்றால் பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவன். ரிக்‌ஷாவில் சொல்தாக்கள் பேசிக்கொண்டு வந்ததில் பொறுக்கின வார்த்தை. அதை என் புருஷன் தலையில் கட்டி அனுப்பிவிட்டு, பெருமையாக என் முகத்தைப் பார்த்தார்.

அவர் மடியிலிருந்த போனைப் பிடுங்கினேன். மத்தியானம் வந்த நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்தேன். அந்த இங்கிலீஷ் பொம்பளைக்கும் சலிக்கவில்லை, எனக்கும் சலிக்கவில்லை. லாரி நாளைக் காலையில்தான் கிளம்புகிறது, இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்தால் போதும், பெயரைக் கொடுங்கள் என்கிற ஒரே வார்த்தை. அதைச் சொல்ல உலகத்தில் எனக்கு ஒரு வழி இல்லை.

ஏஜெண்டு ஆபீசுக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது. ஒரு மாசமாகவே பூட்டுதான் என்றான் ஜெராக்ஸ் கடைக்காரன். எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று போய்விட்டான் போலிருக்கிறது. திரும்பி வந்து மாமனாரைக் கிளப்பினேன். ஆலேன் ஐயா வீட்டுக்குப் போகலாம் வாங்க, பட்டாளத்துப் பெரிய மனுஷன், யாரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றேன். அவரும் உற்சாகமாகத்தான் கிளம்பினார். முசியே ஆலேன் தன்னைத் தட்டிக்கொடுப்பார் என்று நினைத்திருப்பார்.

ஆலேன் ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சர்ழானாக, அதாவது சார்ஜெண்டாக இருந்து ரிட்டயரானவர். பதினாலு ஜூலைக்கு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளுக்கு, மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரையில் அணிவகுப்பில் நடப்பார். என் மாமனாருடைய ரிக்‌ஷாவைத் தவிர வேறு வண்டியில் ஏறாத மனுஷன். கண்ணாடிக் கதவுக்குள் டி.வி.யில் பிரெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அதை நிறுத்திவிட்டு உட்கார வைத்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் என் மாமனாரைப் பார்த்துப் பேசினார்.

"கலியமூர்த்தி, எனக்குப் பட்டாளத்துல ஒரு நம்பர் இருந்துச்சு. மத்ரிக்யூல்னு சொல்லுவாங்க. நான் செத்திருந்தா அந்த நம்பர வச்சு என் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவாங்க. சோறு வடிச்சவனுக்கும் அந்த நம்பர் உண்டு. உம் பையனுக்கு இன்னா நம்பர் குடுத்தாங்க?"

மாமனார் என்னைப் பார்த்தார். கழுத்தில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறாராம், அதில் கம்பெனி பேர்தான் போட்டிருக்கிறதாம் என்று நான் சொன்னேன்.

"அப்ப அவன் சொல்தா இல்லய்யா. கூலிக்காரன். வேணாம்னா வந்துட வேண்டியதுதான், எவன் புடிப்பான்? தெசர்த்தேர் எல்லாம் எங்களுக்குத்தான்."

"பென்ஷனு?" என்றார் மாமனார்.

"கெடையாது."

"முசியே, அவன் சம்சாரத்துக்கு..."

"யாருக்கும் கெடையாது, கலியமூர்த்தி. அந்தப் பட்டாளத்துக்கு உம் பையன் யாருன்னே தெரியாது."

நான் ஆலேன் ஐயாவிடம் எப்படியாவது ஒரு சேதி சொல்ல வழி பண்ணுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் நல்ல மனுஷன். எழுந்து போய் ரெண்டு மூன்று பேருக்குப் போன் போட்டுப் பிரெஞ்சில் பேசினார். கம்பெனிக்கு என்ன பேர், எந்த முகாம் என்று கேட்டார். நாலு இங்கிலீஷ் எழுத்து என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். முகாம் பேரைச் சொல்லக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. ஆலேன் ஐயா போனை வைத்துவிட்டு, அவன் பிரெஞ்சு ஆளாக இருந்தால் ஓர் ஆபீசு, அமெரிக்க ஆளாக இருந்தால் ஓர் ஆபீசு, நம் எம்பசியும் இடம் தெரியாமல் விடிவதற்குள் ஒன்றும் செய்யாது, யாருமில்லாதவனுக்கு எங்கே அம்மா போய்ச் சொல்வேன் என்றார். வாசல்வரை வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

டெம்போ வந்து நின்றது. மாமனார் ஏறவில்லை. மற்றவர்கள் ஏறின பிறகும் இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையைப் பிடித்து இழுத்து ஏற்ற வேண்டியதாயிற்று. நெல்லித்தோப்பு தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

"நாந்தான் அவனத் தடுத்துட்டனா?"

இல்லை மாமா என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றேன்.

மறுநாள் காலையில் கம்பெனி வேன் வந்தது, ஏறிப்போனேன். வேறு என்ன செய்ய? மூடிகளை எடுத்துப் போட்டுக்கொண்டே, இந்நேரம் அங்கே விடிந்திருக்கும், இந்நேரம் லாரி கிளம்பியிருக்கும் என்று மனசு அங்கேயே கிடந்தது. பிறந்ததிலிருந்து அப்பன் பேச்சைத் தட்டாத மனுஷன் இந்த ஒரு தடவை தட்டித் தொலைக்கக் கூடாதா என்று திரௌபதியம்மனை வேண்டிக்கொண்டேன். தட்டியிருந்தால் குவைத்திலிருந்து போன் வரும். குவைத் நம்பர் 965 என்று ஆரம்பிக்கும் என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். வியாழன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. சனிக்கிழமை மாமனார் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். செல்போனை என் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதற்கப்புறம் அதைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. நம்பரைப் பார்த்தேன். 965 இல்லை. அதே பழைய நீள நம்பர்.

நல்லா இருக்கீங்களா என்றேன். நல்லா இருக்கிறேன் என்றார். கூட இருந்தவர்களில் பாதிப் பேர் லாரியில் போய்விட்டார்களாம். கூடாரம் காலியாகக் கிடக்கிறதாம், இவருக்குக் கீழ்க்கட்டில் கிடைத்துவிட்டதாம். போனவர்கள் வேலையையும் சேர்த்து இவர்கள் தலையில்தான் கட்டியிருக்கிறார்களாம். அப்பா சொன்னதால்தான் நின்றேன், இல்லையென்றால் நானும் பெயர் கொடுத்திருப்பேன் என்றார். அவர் பேசும்போதே பின்னால் சங்கு ஊதியது. ஓடுங்க என்று கத்தினேன். இது சும்மா பரீட்சைக்கு ஊதுவது, பரவாயில்லை என்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். உங்கள் அப்பாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது, நீங்கள் யாருக்காகவோ அங்கே கிடக்கிறீர்கள், உங்களுக்கு நம்பர்கூடக் கிடையாது என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? லாரி போய்விட்டது. பாஸ்போர்ட் எவனிடமோ இருக்கிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் அவர் அந்தக் கட்டிலில்தான் படுக்க வேண்டும், அந்தச் சங்குக்குத்தான் ஓட வேண்டும்.

"சரிதா, ஒண்ணு கேக்கட்டுமா? ஒண்ணும் ஆவாது, சும்மாதான் கேக்கிறேன்."

"கேளுங்க."

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உனக்குப் பாதி வரும்னு அப்பா சொன்னாரு. நெசமா வரும்ல?"

மாமனார் கதவோரம் நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பேசுவது அவருக்குக் கேட்டிருக்குமோ என்னவோ, வேண்டாம் என்பது போல் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றால் எதை வேண்டாம் என்றார், உண்மையையா பொய்யையா, அதை அவரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.

"வரும்ங்க" என்றேன். "நாங்க போயிக் கேட்டோம். ஆலேன் ஐயாவே சொன்னாரு."

"அப்ப சரி" என்றார் என் வீட்டுக்காரர். ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து அவர் குரல் அவ்வளவு லேசாக நான் கேட்டதில்லை.